பாலைத் திணையில் ஒரு பழைய லேத்

ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் தம் வீட்டுத் தகர ஷெட்டில் வைத்திருக்கும் மூன்றடி லேத்தை, அதே கிறுக்குப் பிடித்த இன்னொருவருக்கு விற்பதைக் கோயம்புத்தூரில் பலரும் வியாபாரம் என்றே நினைக்கின்றனர். அது பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. இது அகத்திணை, அதிலும் பாலை.

சான்றுகள் வலுவானவை. நிலம், வெந்து கிடக்கும் தகரக் கூரை. பொழுது, ஞாயிற்றுக்கிழமை நண்பகல். கருப்பொருள்: எண்ணெய்க் கேன், காட்டன் வேஸ்ட், எந்த போல்ட்டுக்கும் சேராத நட்டுகள் நிறைந்த ஹார்லிக்ஸ் பாட்டில். உரிப்பொருள் பிரிதல். விலையைச் சொல்லாமல் அவர் வேறு எதையெதையோ பேசிக்கொண்டிருப்பது பிரிதல் நிமித்தம். திணை தமிழ்நாட்டோடு நிற்பதும் இல்லை. இங்கிலாந்தில் பீஸ்டனில் இருந்த மைஃபோர்டு ஆலை 2011இல் மூடப்பட்ட பின்னும், அதன் லேத்துகள் ஷெட் விட்டு ஷெட் பிரிந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனித் தேய்மானவியல். பீளமேடு, கணபதிப் பட்டறைகளில் லேத் நாள் முழுக்க ஓடும். வேலை பெரும்பாலும் சக்குக்குப் பக்கத்திலேயே நடப்பதால் பெட் அங்கேதான் தேயும். சேடிலைச் சக்கு ஓரம் கொண்டுவந்து, லேசாகப் பிடிக்கிற அளவுக்கு லாக்கை இறுக்கி, டெயில்ஸ்டாக் பக்கம் தள்ளிப் பாருங்கள். போகப் போக இறுகினால் பெட் தேய்ந்திருக்கிறது. பொழுதுபோக்குக்காரரின் லேத்தில் இந்தச் சோதனைக்குப் பெரும்பாலும் வேலை இருக்காது. ஓடினால்தானே தேய? அதற்கு வரும் நோய் துரு. ஆகவே புதுப் பெயிண்டைக் கண்டால் மகிழ வேண்டாம். அதன் அடியில் விரலை விட்டுப் பாருங்கள்.

விற்பவரின் சொல்லாடல் தனி ஆய்வுக்குரியது. “கிராஸ் ஸ்லைடுல லேசா ஆட்டம் இருக்குது தம்பி” என்று அவரே முந்திக்கொள்வார். ஹேண்டிலை எதிர்ப்பக்கம் திருப்பி, டயலில் எத்தனை கோடு தாண்டியபின் ஸ்லைடு அசைகிறது என்று எண்ணினால் ஆட்டத்தின் அளவு தெரிந்துவிடும். வியாபாரி பெயிண்ட் அடித்து மூடுவதை இவர் டார்ச் அடித்துக் காட்டுகிறார். காரணம் நேர்மை மட்டுமல்ல. அந்தக் குறையோடு எப்படி வேலை பார்ப்பது என்று அவருக்குத் தெரியும், அதை நமக்குச் சொல்லியாக வேண்டும். விலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கீழ் எல்லை பழைய இரும்பின் எடை விலை. மேல் எல்லை அவருடைய பாசம்.

உண்மையான ஆபத்து மரை வெட்டும் கியர் செட்டில் இருக்கிறது. “அட்டத்துல எங்கியோ கெடக்குது தம்பி, எடுத்து அனுப்பிடறேன்.” அது வராது. அவர் பொய் சொல்லவில்லை, அட்டத்தில்தான் இருக்கிறது. அது இல்லாத லேத்தில் உருளை கடையலாம், வேண்டிய பிட்சில் மரை வெட்ட முடியாது. சக்கின் மாற்றுத் தாடைகளுக்கும் இதே கதிதான். தாடைகளில் 1, 2, 3 என்று எண் அடித்திருக்கும். வேறொரு சக்கின் தாடைகளை வாங்கிச் செருகினால் மையம் கூடாது.

எனவே வாசகரிடம் ஒரு விண்ணப்பம். கியர் செட் கைக்கு வரும்வரை குட்டி யானையை வரச் சொல்லாதீர்கள். அட்டத்தில் நீங்களே ஏறித் தேடுங்கள். ஏணியை அவர் பிடித்துக்கொள்வார்.