பொழைக்கத் தெரியணும் பேராண்டி

வாடா பேராண்டி, வா. கிளைச் செயலாளர் ஆயிட்டியாமே? பஸ் ஸ்டாண்டு பிளக்ஸுல பாத்தேன். தலைவர் படம் தபால்தலை அளவுக்கு, ஓம் படம் ஆளுயரத்துக்கு. சரியாத்தான் ஆரம்பிச்சிருக்க.

எங்கிட்ட காசு இல்ல, புத்திமதிதான் இருக்கு. அதுவும் ஒண்ணே ஒண்ணு. நம்ம தும்பைப்பட்டி கக்கன் மாதிரி மட்டும் இருந்துறாத.

பொழைக்கத் தெரியாத மனுசன்டா அவரு. 1939-ல வைத்தியநாத அய்யர் கூட்டிட்டுப் போக, ஒடுக்கப்பட்ட சனத்த உள்ள விடாம வச்சிருந்த மீனாட்சி கோயிலுக்குள்ள நுழைஞ்சவுகள்ல ஒருத்தரு. நீயா இருந்தா அந்த ஒரு நாள வச்சே ஆயுசுக்கும் பிளக்ஸ் அடிச்சிருப்ப. அவரு வெள்ளக்காரன எதுத்து செயிலுக்குப் போனாரு. பொறகு அரசியல் நிர்ணய சபை, 1952-ல டெல்லி பார்லிமெண்டு, 1957-லேருந்து பத்து வருசம் மந்திரி. எடுத்த எடுப்புலயே பொதுப்பணித்துறைடா! சிமெண்டும் கம்பியும் கையில பொரளுற எடம். 1959-ல வைகை அணையத் தொறந்தப்ப அவருதான் அந்தத் துறைக்கு மந்திரி. நீ அங்க இருந்திருந்தா அணை ரெண்டடி குட்டையாயிருக்கும், நம்ம வீடு ரெண்டு மாடி ஒசந்திருக்கும். ம்... கொடுத்து வைக்கல.

கடேசியா உள்துறை. 1965-ல இந்திக்கு எதிரா பயலுக கெளம்புனப்ப போலீசு சுட்டுச்சே, அப்ப அந்தத் துறை இவருகிட்டதான். நல்லவருங்கிறதுக்காக அத நான் மறைக்க மாட்டேன். 67-ல சனம் கணக்குத் தீத்துச்சு. மேலூர்ப் பக்கமே கைவிட்டுருச்சு.

தோத்தவன் என்னடா செய்யணும்? செயிச்சவுக வாசல்ல சால்வையோட நிக்கணும். இவரு டவுன் பஸ்சுல நின்னாரு. ஒடம்புக்கு முடியாமப் போயி, மதுரை பெரியாஸ்பத்திரி பொது வார்டுல கெடந்தாரு. மேயரா இருந்த மதுரை முத்துவப் பாக்க வந்த எம்.ஜி.ஆர். கண்ணுல பட்டதுக்கப்புறந்தான் ஊருக்கே தெரியும், மாஜி மந்திரி அங்க கெடக்குறாருன்னு. அதுவரைக்கும், நான் யாரு தெரியுமான்னு ஒரு நர்சம்மாகிட்டயாச்சும் வாயத் தொறந்திருக்க வேணாமா? 1981-ல போய்ச் சேந்துட்டாரு.

ஆமா, வாசல்ல வெள்ளையா ஒரு காரு நிக்குதே, யாருது? ஓன்னுதா? பதவி வந்து ஒரு பொங்கல்கூட கழியலையேடா! டியூ யாரு கட்டுறா? ஏன் தரையப் பாக்குற?

சரி விடு. நாளைக்குப் பெரியாஸ்பத்திரியில கண்ணு காட்டணும், அதுலயே என்னையக் கூட்டிட்டுப் போ. பஸ்சுல நிக்க முடியல. அப்பிடியே உள்ள ஒரு போனப் போட்டு, வரிசையில என்னைய முன்னாடி விடச் சொல்லிரு.