சில்க் போர்டு சிக்னலும் நான்கிலக்க எண்களின் முக்தியும்

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் நிற்கும் வண்டிகளின் நம்பர் பிளேட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். களப்பணிக்கு நேரம் போதுமா என்ற ஐயம் அவ்விடம் அறிந்தோர்க்கு எழாது.

வண்டி எண்கள் முக்தி பெறுவன, பெறாதன, சேறு மூடியன என மூவகைப்படும் என்ப. சேறு மூடியன பற்றி ஆய்வாளர்க்குக் கருத்தில்லை.

முறை இது. நான்கு இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிப் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கவும். வந்த விடைக்கும் அவ்வாறே செய்க. ஏழு சுற்றுக்குள் 6174 வரும். அதற்குமேல் எத்தனை முறை கழித்தாலும் 6174-தான். தேவ்லாலிப் பள்ளி ஆசிரியர் டி. ஆர். காப்ரேகர் 1949-இல் சென்னைக் கணித மாநாட்டில் இதை அறிவித்தார். அறிஞர் பலர் விளையாட்டென்று ஒதுக்கினர். 1975-இல் மார்ட்டின் கார்ட்னர் அமெரிக்க இதழில் காப்ரேகரைப் பற்றி எழுதியதும் விளையாட்டுக்கு அந்தஸ்து வந்தது. கடல் கடந்து வராத பூஜ்யத்தை நாம் எண்ணாக ஏற்பதில்லை.

இவ்வூரில் பிறந்த சகுந்தலா தேவி 1980-இல் லண்டனில் இரு 13 இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கினார். மிச்ச சிக்னல் நேரத்தை அவர் என்ன செய்திருப்பார் என்பது தனி ஆய்வுக்குரியது.

நான்கும் ஒரே இலக்கமானால் முக்தியில்லை. 7777 முதற்சுற்றிலேயே பூஜ்யம். ஏலத்தில் பெருந்தொகை கொட்டி வாங்கும் ஃபேன்ஸி நம்பர் இது (ஆட்டோ ஓட்டுநர், வாய்மொழி). கூட்டுத்தொகை ஒன்பது வேண்டுமென்று ஜோதிடரிடம் அலைவோர் கவனிக்க: இக்கழித்தலின் விடை எப்போதும் ஒன்பதின் மடங்கே (மேற்படி ஆட்டோ, பின்கண்ணாடி, 'தாயி ஆசீர்வாதா' ஸ்டிக்கருக்குக் கீழே, வலது மூலை கிழிந்த பிரதி).

இனி 1729. கணித அறிஞர் ஹார்டி லண்டன் பட்னி மருத்துவமனைக்கு ஏறிவந்த டாக்சியின் எண். சுவாரசியமில்லாத எண் என்று அவர் சொல்ல, படுக்கையிலிருந்த ராமானுஜன் மறுத்தார்: இரு கனங்களின் கூட்டாக இரு விதமாய் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது. 1, 12 ஆகியவற்றின் கனங்கள் ஒரு விதம். 9, 10 ஆகியவற்றின் கனங்கள் மறு விதம். அதன்பின் வந்த உரையாசிரியர்கள் கனத்தையே கட்டி அழுதனர். அந்த டாக்சி சில்க் போர்டில் நின்றிருந்தால் என்னாகும் என்று கேட்டாரில்லை. யாம் கேட்டோம்: 8442, 5994, 5355, 1998, 8082, 8532, 6174. ஏழு சுற்று! எந்த நான்கிலக்க எண்ணும் இதைவிட அதிகம் சுற்றுவதில்லை. ஆகவே ஹார்டியின் டாக்சிக்காரர் இருப்பதிலேயே நீண்ட வழியில் வண்டியை விட்டார் என்பதும், பட்னியில் பெங்களூரு ஆட்டோ மரபு வேரூன்றியிருந்தது என்பதும் ஐயமற நிறுவப்பட்டன (மேற்படி ஆட்டோ, டிங்கரிங்குக்கு முந்தைய பதிப்பு, இடது கதவு, துருவுக்கு அப்பால், பிற்பதிப்புகளில் பெயின்டால் இவ்வரி மறைந்தது).

ஏழு சுற்றுக்கும் ஒன்றரை மீட்டர் உண்டா என்பதில் மட்டும் ஓட்டுநருக்கும் எமக்கும் பாடபேதம் உளது.