தலைவி கையொப்பம்

2009-இன் கல்வி உரிமைச் சட்டம் அரசுப் பள்ளியைப் பெற்றோர் கையில் ஒப்படைத்தது: மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவியும் ஒரு தாய்தான். கூட்டத்துக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. வராவிட்டாலும் பாதகமில்லை, பல ஊர்களில் தீர்மான நோட்டு வீடு தேடி வரும். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார் தலைமையாசிரியர். பள்ளிச் செலவைக் கண்காணிக்கத்தான் குழு. கூட்டத்தைக் கூட்டுவதும் தீர்மானம் எழுதுவதும் செலவு செய்பவரே. கழிப்பறைக்குத் தண்ணீர் வேண்டுமென்று மூன்றாண்டுத் திட்டத்தில் சேர்த்தாயிற்று. பிள்ளைகள் அதுவரை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஆனாலும் அதிகாரம் பரவலாகிவிட்டது. முன்பெல்லாம் தப்பு நடந்தால் தலைமையாசிரியர் ஒருவரே பதில் சொல்ல வேண்டும். இப்போது ஊரே கையெழுத்துப் போட்டிருக்கிறது.