மேல்மண்ணுக்கு அடியில் ஒரு மண்டபம்

நெய்வேலியில் கல்யாண மண்டபமும் அதற்கொரு இணையதளமும் வைத்திருக்கும் நிர்வாகத்தாருக்கு, பெண்ணைப் பெற்றவன் எழுதுவது.

நலம், நலமறிய அவா என்று தொடங்க ஆசைதான். ஆனால் உங்கள் நலத்தை முகப்புப் பக்கத்திலேயே பதினோரு படங்களில் பார்த்துவிட்டேன். தலைவர் பொன்னாடை வாங்குகிறார், போர்த்துகிறார், குத்துவிளக்கு ஏற்றுகிறார். மண்டபம் மட்டும் ஒரு படத்திலும் முழுசாக விழவில்லை.

நான் இந்த ஊரின் முதல் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு டன் கரி (லிக்னைட்) எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அள்ள வேண்டும். ஓவர்பர்டன் என்போம். பக்கெட் வீல் இயந்திரம் இராப்பகலாகச் சுற்றி அதை அப்புறப்படுத்தும். நீங்கள் அந்த வேலையைத் தலைகீழாகச் செய்திருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு, எத்தனை பேர் உட்காரலாம், எந்த முகூர்த்தம் காலி என்ற மூன்று விஷயத்தையும் அடியில் புதைத்து, மேலே தலைவர் உரை, தொலைநோக்கு, வாழ்த்து மடல், ஓடும் எழுத்து எல்லாம் கொட்டியாயிற்று. 1930-களில் இந்த ஊர் நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியாருக்குத் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போதே கரி தென்பட்டுவிட்டது. நான் மூன்று நாள் தோண்டியும் உங்கள் போன் நம்பர் தென்படவில்லை.

முதல் நாள் ராத்திரி பதினொரு மணிக்குத் திறந்தேன். படம் வருவதற்குள் நாதஸ்வரம் வந்துவிட்டது. தூக்கத்தில் இருந்த வீட்டுக்காரி எழுந்து, "யாரு வீட்டு விசேஷங்க?" என்றாள். நம்ம வீட்டுதுதான், இன்னும் மண்டபம் கிடைக்கலை என்றேன். கைபேசியில் ஒரு பக்கம் திறக்க 3 விநாடிக்கு மேல் ஆனால் 53 சதவீதம் பேர் கிளம்பிவிடுகிறார்கள் என்று 2016-இல் கூகுள் ஒரு கணக்குச் சொன்னது. நான் கிளம்பவில்லை. பெண்ணுக்குத் தகப்பன் எங்கே கிளம்ப முடியும்?

கடைசியில் 'எங்கள் கல்யாணங்கள்' என்ற பக்கம் திறந்தது. வெள்ளைக் கவுன் போட்ட வெள்ளைக்காரப் பெண் பூங்கொத்தோடு சிரிக்கிறாள். பிளாக்குகளை வட்டம் என்று சொல்லும் இந்த ஊரை வட்டம் வட்டமாகச் சுற்றியவன் நான். அந்தப் பெண்ணை எந்த வட்டத்திலும் பார்த்ததில்லை. வாழைமரம் கட்டிய உங்கள் வாசலை ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பிறகு முன்பதிவுப் படிவம். ஆவணி முகூர்த்தம், செப்டம்பர் ஆறு. 06/09 என்று போட்டேன். உங்கள் படிவத்துக்கு அது ஜூன் ஒன்பதாம். 'கடந்துபோன தேதி' என்று சிவப்பில் திட்டியது. திருப்பிப் போட்டேன். அடுத்து ஃபேக்ஸ் எண்ணுக்கு நேரே சிவப்பு நட்சத்திரம். அது இல்லாமல் கல்யாணம் நடக்காது போலிருக்கிறது. மனதில் தோன்றிய எண் ஒன்றைக் கொடுத்தேன். 'இந்த வசதி விரைவில்' என்றது. அந்த 'விரைவில்' 2017 முதல் நிற்கிறது, தேதியை நீங்களே பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள்.

சுரங்கத்தில் இன்னொரு சங்கதி உண்டு. கரிப் படுகைக்கு அடியில் நிலத்தடி நீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கும். பம்புகள் இருபத்துநாலு மணி நேரமும் இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்கின்றன. நிறுத்தினால் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் வந்துவிடும். தளத்தின் திறப்பு விழாவோடு பராமரிப்பு என்ற பம்பை நிறுத்தியவர்கள் நீங்கள். 2018 ஜூலையிலிருந்து உங்களுடையதைப் போல https இல்லாத தளங்களுக்கு குரோம் உலாவி 'பாதுகாப்பற்றது' என்று பட்டம் கட்டுகிறது. சம்பந்தி வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, மண்டபம் இடிந்து விழுமோ என்று கேட்டார்கள்.

மந்தாரக்குப்பம் பக்கம் ஒரு சின்ன மண்டபம் பிடித்துவிட்டேன். அவர்கள் தளம் ஒரே பக்கம்தான்: வாசல் படம், வாடகை, காலித் தேதிகள், போன் நம்பர். தொட்டதும் மணியடித்தது, ஒரு அம்மா எடுத்து, "எத்தனை இலைங்க?" என்றார்.

உங்களுக்கும் பத்திரிகை வைக்க வேண்டும். முகவரி இருந்தால் தெரிவியுங்கள்; தளத்தில் இல்லை.