வீட்டுக்கு வரும் வாத்தியார் தொடர்பாக ஒரு விண்ணப்பம்

அனுப்புநர்:
பத்தாம் வகுப்புப் பெண்ணின் தகப்பன்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்:
உயர்திரு பள்ளிக் கல்வித் துறை அவர்கள்,
பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம் (ஆட்டோவில் சொல்ல: டி.பி.ஐ.),
கல்லூரிச் சாலை, சென்னை – 600 006.

பொருள்: வீட்டு டியூஷன் – வாத்தியார் அமர்த்துதல் – பெற்றோர் எதிர்பார்க்கத் தக்கவை – அரசாணை வெளியிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. இலவச மற்றும் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28. 2. மூன்றாம் மாடி அம்மாள் லிஃப்டில் வாய்மொழியாகத் தெரிவித்தது.

ஐயா,

பார்வை 1-இல் கண்ட பிரிவின்படி எந்த ஆசிரியரும் தனி டியூஷன் எடுக்கக் கூடாது. 2010 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் இருக்கிறது. எங்கள் தெருவில் இந்தச் சட்டம் எள்ளளவும் பிசகாமல் கடைப்பிடிக்கப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். மாலை ஆறு மணிக்கு எதிர்வீட்டுக்கு வரும் பள்ளி ஆசிரியர் குடும்ப நண்பர். காற்றாட நடக்கலாமே என்று ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு வருகிறார். ஒன்றாம் தேதி அவர் கைக்குப் போகும் கவர் மொய் வகையைச் சேர்ந்தது.

சட்டம் தடுப்பது ஆசிரியரை மட்டும்தான். ஆசிரியர் அல்லாதவரைத் தடுக்க அந்தப் பிரிவில் ஒரு சொல்லும் இல்லை. பி.எட். முடித்துப் பள்ளியில் பாடம் நடத்துகிறவர் எங்கள் வாசல்படியை மிதிக்கக் கூடாது. மூன்று அரியர் பாக்கி வைத்திருக்கும் இன்ஜினியரிங் பையன் தாராளமாக வரலாம். மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டபோது நமக்கும் ஏதாவது இருக்கும் என்று ஆசையாகப் பார்த்தேன். 50 பேருக்கு மேல் படித்தால்தான் அது பயிற்சி மையமாம். எங்கள் ஹாலில் சோபாவைப் பால்கனிக்குத் தள்ளினாலும் ஆறு பேருக்கு மேல் உட்கார முடியாது.

இப்படி எந்த விதியும் எட்டிப் பார்க்காத இடத்தில், வீட்டு வாத்தியாரிடம் என்ன எதிர்பார்க்கலாம் என்பதைப் பெற்றோராகிய நாங்களே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு இதில் வல்லது. மாநில முதலிடம் அறிவிப்பதைத் தாங்கள் 2017-இல் நிறுத்தியபோது, அந்தப் பணியைச் சம்பளம் இல்லாமல் ஏற்றுக்கொண்ட குழு அது. குழு வகுத்த தகுதிகளின்படி வாத்தியார் இளைஞராகவும் இருபத்தைந்து வருட அனுபவம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். கண்டிப்பானவராக, ஆனால் பிள்ளையைக் கண்டிக்காதவராக இருக்க வேண்டும். கணக்கோடு சயின்ஸும், போகிற போக்கில் இந்தியும் பார்த்துக்கொள்ள வேண்டும். காபி குடிப்பவராக இருக்கலாம், இரண்டாவது டம்ளர் கேட்பவராக இருக்கக் கூடாது.

முதலில் ஓர் ஏஜென்சி வழியாகப் போனோம். முதல் மாதச் சம்பளத்தில் பாதி அவர்களுக்குக் கமிஷன், அதை வாத்தியாரிடமே பிடித்துக்கொள்வோம், உங்களுக்குச் செலவே இல்லை என்றார்கள். (அப்படியானால் முதல் மாதம் அவர் பாதி மனசோடுதான் வருவார் என்பது கணக்கில் வீக்கான என் பெண்ணுக்கே புரிந்தது.) டெமோ வகுப்புக்கு வந்தவர் பைதாகரஸ் தேற்றத்தை நடத்திய அழகில் என் மாமியார் சமையலறையை விட்டு வந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த நாள் முதல் வந்தவர் வேறொருவர்.

ஆனால் அவர் கேரண்டியோடு வந்தார். ஒரு மார்க் கேள்வி 14, புத்தகத்திலேயே இருக்கிறது, மனப்பாடம். ஜாமெட்ரிக்கு எட்டு, கிராஃபுக்கு எட்டு. ஆக முப்பது கையில். பாஸுக்கு 35 போதும், மீதிக்கு ஒரே ஒரு ஐந்து மார்க் கேள்வி. இந்தத் திட்டத்தில் கணக்கு என்று தனியாக எதையும் படிக்க வேண்டியதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. வீட்டுப்பாடத்தை அவரே போட்டுக் கொடுத்துவிடுவார். நோட்டு முழுக்க டிக், பார்க்கவே குளிர்ச்சியாக இருந்தது. காலாண்டில் 31 வந்தது. கேரண்டி பொதுத்தேர்வுக்குத்தான், காலாண்டுக்கு இல்லை என்று தெளிவுபடுத்திவிட்டு, ஐ.டி. வேலை கிடைத்து பெங்களூர் போய்விட்டார்.

பிறகுதான் பார்வை 2-இல் கண்ட அம்மாளின் சிபாரிசில் இப்போதுள்ள சார் வந்தார். பாலிடெக்னிக்கில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். இந்த மனுவே அவரைப் பற்றியதுதான்.

வந்த முதல் நாளே காலாண்டு விடைத்தாளைக் கேட்டார். 31 என்று வாயால் சொன்னோம். போதாதாம். எங்கே தப்பு என்று பார்க்க வேண்டுமாம். பார்த்துவிட்டு, காரணிப்படுத்தலில் பெண் தடுமாறுவதற்குக் காரணம் கீழ் வகுப்பிலேயே பின்னமும் மைனஸ் குறியும் பிடிபடாமல் போனதுதான் என்று கண்டுபிடித்து, மூன்று வாரம் அதையே நடத்தினார். சம்பளம் பத்தாம் வகுப்புக்கு, பாடம் ஏழாம் வகுப்புக்கு! வித்தியாசத் தொகையைத் திரும்பப் பெற வழி இருக்கிறதா என்று துறை தெளிவுபடுத்த வேண்டும்.

ஒரு நாள் ஒரு கணக்கைக் கொடுத்துவிட்டு இருபது நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். என் மனைவி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பெண் அடித்து அடித்து எழுதுகிறாள், சார் சும்மா இருக்கிறார். கடைசியில் அவளே விடையைக் கொண்டுவந்ததும் 'ம்' என்றார், அவ்வளவுதான். மணிக்கு இவ்வளவு என்று பேசிய சம்பளத்தில் மௌனத்துக்கு என்ன ரேட்?

வீட்டுப்பாடத்தைத் தொடவே மாட்டேன் என்கிறார். இப்போது நோட்டில் சிவப்பு மை கூடிவிட்டது. எத்தனை மார்க் வாங்குவாள் என்று கேட்டால், "அவ எழுதப் போற பரீட்சைக்கு நான் எப்படி சார் கேரண்டி குடுக்கிறது? மாசம் ஒரு தடவை உட்காருங்க, எது வந்திருக்கு, எது வரலைன்னு சொல்றேன்" என்கிறார். மாதம் ஒரு முறை நாங்களும் உட்கார வேண்டும் என்றால் ஆள் வைத்ததற்கு அர்த்தம் என்ன?

ரூமில் ஏ.சி. இருக்கிறது என்றால் வேண்டாம், ஹாலில்தான் வகுப்பு, வாசல் கதவு திறந்திருக்க வேண்டும் என்கிறார். வீட்டில் பெரியவர்கள் யாரும் இல்லாத அன்று படியேறாமலே திரும்பிப் போய்விடுகிறார். நாங்கள் கேட்காமலே ஆதார் நகலைக் கொடுத்து, முன்பு பாடம் எடுத்த இரண்டு வீட்டுக்காரர்களின் எண்ணையும் கொடுத்து, "பொம்பளப் பிள்ளை இருக்கிற வீடு, விசாரிக்காம யாரையும் உள்ளே விடாதீங்க, என்னையும் சேர்த்து" என்றார். விளைவு, ஆறிலிருந்து ஏழு வரை ஹாலில் டி.வி. கிடையாது. என் மாமியார் தினமும் ஒரு சீரியலை இழக்கிறார்.

லீவு விஷயத்திலும் தகராறு. அவர் காய்ச்சலில் வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஈடு செய்துவிடுவார். நாங்கள் ஐந்தே முக்காலுக்குப் போன் செய்து இன்று வேண்டாம் என்றால் அந்த வகுப்பும் கணக்கில் சேருமாம். நியாயம் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும் என்கிறார். சம்பளம் ஒரு பக்கத்திலிருந்துதானே போகிறது?

இதற்கெல்லாம் மேலே, பிப்ரவரிக்குப் பிறகு நான் தேவைப்பட மாட்டேன் என்று அவரே சொல்கிறார். தன் பிழைப்பைத் தானே கெடுத்துக்கொள்கிறவரை எப்படி நம்புவது? பெண்ணும் மாறிவிட்டாள். எதற்கெடுத்தாலும் ஏன் என்கிறாள். வீட்டுக்கடன் தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று சாப்பாட்டு வேளையில் கேட்டு, அன்று யாருக்கும் ரசம் இறங்கவில்லை.

பள்ளி விட்ட பிறகும் பிள்ளைகளுக்கு ஆள் தேவைப்படும் என்பது தாங்கள் அறியாதது அல்ல. கொரோனாவுக்குப் பின் 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்று மாலை வேளையில் தன்னார்வலர்களை ஊர் ஊராக அனுப்பியவர்கள் தாங்கள்தான். மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு எத்தனையோ பெண்கள் திண்ணையிலும் மரத்தடியிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் குடியிருப்பில் அந்தத் தொகைக்கு வாத்தியார் செருப்பைக் கழற்றவே யோசிப்பார்.

எனவே, வீட்டு வாத்தியார் மார்க்குக்கு எழுத்துமூலம் உத்தரவாதம் தர வேண்டும், வீட்டுப்பாடம் அவர் பொறுப்பு, ஐந்து நிமிடத்துக்கு மேற்பட்ட மௌனத்துக்குச் சம்பளப் பிடித்தம் உண்டு, பெற்றோரை எதற்கும் உட்காரச் சொல்லக் கூடாது என்று அரசாணை வெளியிட்டு ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு பெற்றோர்.

பி.கு.: அரையாண்டில் 58. விசாரணைக்கு வரும் அலுவலர் தம் பிள்ளைக்காகச் சாரின் போன் நம்பரைக் கேட்க வேண்டாம், தருவதாக இல்லை. மார்ச்சிலிருந்து அந்த ஆறு மணியை என் இரண்டாவது பையனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடி அம்மாளுக்கு இது தெரிய வேண்டாம்.