ஆச்சிக்குச் சிறகு ஒட்டாதலே

எலே பேரா, ஆச்சி நினைவுக் கூட்டத்துல படிக்க நீ எழுதிக் கொண்டாந்த தாளைக் கண்ணாடி போட்டுப் படிச்சேன். நல்ல தமிழு. ‘அன்பின் ஊற்று, பொறுமையின் சிகரம், ஜெப வீராங்கனை.’ யாருலே இந்தப் பொம்பள? உங்க ஆச்சி எனக்கு அக்கா, நான் அவ இடுப்புல இருந்தே வளந்தவன், இப்படி ஒருத்திய நம்ம வீட்டுல பாத்ததே இல்லையே. பந்தல்காரன் பெஞ்சைக் கொண்டாந்து போட்டுட்டு சாயங்காலம் எடுத்துட்டுப் போவாம்லா, அந்த மாதிரி எல்லா வீட்டு நினைவுக் கூட்டத்துக்கும் வாடகைக்கு வார வரியில்லா இது.

ரெண்டாம் பக்கத்துல ஆச்சியையே காணோம். ரேனியஸ் ஐயர் 1820ல பாளையங்கோட்டைக்கு வந்தது இருக்கு, கால்டுவெல் ஐயர் 1841ல இடையன்குடிக்கு வந்தது இருக்கு, மெஞ்ஞானபுரம் கோயில் கோபுரம் 192 அடின்னு இருக்கு. இருக்கட்டும், பெரியவங்க. அந்தக் கோபுரம் ஆச்சிக்கு எதுக்கு ஆச்சுன்னு எழுத வேண்டாமா? தேரிக்காட்டுல விறகு பொறுக்கப் போனா எல்லாப் பக்கமும் ஒரே செம்மண்ணு, ஒரே பனை. கோபுரம் எந்தத் திசையில தெரியுதுன்னு பாத்துத்தான் வீட்டுக்கு நடப்பா. அதைக் கட்டினதால அவளுக்குக் கிடைச்ச முதல் புண்ணியம் அதுதான்.

பதனி காய்ச்சுனதை ஒரே வரியில முடிச்சுட்ட. ‘கடுமையாக உழைத்தார்.’ நீ அந்த அடுப்பு முன்னால அரை நாள் இருந்திருந்தா ரெண்டு பக்கம் எழுதுவ. பதனி பொங்கி வழிய வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப் போட்டு அடக்கணும், பாகு பதம் வந்ததும் சிரட்டையில ஊத்தணும். கொஞ்சம் அசந்தா கருப்பட்டி கசந்துபோகும். கலயத்துல தடவுன சுண்ணாம்பு கொறைஞ்சா பதனி கள்ளாயிரும். உங்க தாத்தா கலயத்துல மட்டும் சுண்ணாம்பு அடிக்கடி கொறையும். ஏன்னு நீ கேக்காத, அக்காவுக்குத் தெரியும்.

தெரிஞ்சாலும் சண்டை போடமாட்டா. ராத்திரி குடும்ப ஜெபம் வரட்டும்னு காத்துக்கிட்டு இருப்பா. எல்லாரும் முழங்கால் போட்டுக் கண்ணை மூடுனதும் ஆரம்பிப்பா: “ஆண்டவரே, சுண்ணாம்பு தடவ மறக்குத கைய நீரே தொடும். கொழம்புல உப்பை ரெண்டு தடவை போடுத கையையும் தொடும். விடிஞ்ச பொறவும் தூங்குத பிள்ளையளை எழுப்பிவிடும்.” முதல் கை உங்க தாத்தாது. ரெண்டாவது உங்க அம்மை. பிள்ளைய நீங்க. யாராலயாவது பதில் பேச முடியுமா? ஜெபத்துல குறுக்க பேசுனா பாவம்லா. கடைசில எல்லாரும் சேந்து ஆமென்னு வேற சொல்லணும். இதைத்தான் நீ ‘ஜெப வீராங்கனை’ன்னு எழுதியிருக்க. தப்பில்ல, எந்தப் போர்க்களம்னு சொல்லாம விட்டுட்ட, அவ்வளவுதான்.

அசரியா பேராயரைப் பத்தி எழுதுனது சரிதான், வெள்ளாளன்விளைக்காரரு. நம்ம ஆளு, நம்ம காசு, நம்ம நிர்வாகம்னு சொல்லி 1903ல மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சாவ, 1912ல தோர்ணக்கலுக்குப் பேராயர் ஆனாவ. எல்லாம் சரி, நம்ம காசுன்னா யாரு காசு? ஒலை வைக்குமுன்ன பொம்பளைய கைப்பிடி அரிசி எடுத்துத் தனிப்பானையில போடுவாவ, அது கோயிலுக்கு. கஞ்சி தண்ணியாப் போன நாள்லயும் அக்கா அந்தப் பானையத் தொட்டதில்ல. இதுலயும் ஒரு சூது உண்டு, கேட்டியா. அவ கை சின்னது. அதனால மருமகளைக் கூப்பிட்டு, “நீ ஒரு பிடி அள்ளுத்தா”ம்பா. அள்ளுனது உங்க அம்மை, கோயில் கணக்குல பேரு அக்காவுக்கு.

அப்புறம் அவ வேதப்புத்தகம். தரங்கம்பாடியில 1715ல புதிய ஏற்பாடு அச்சான கதையெல்லாம் எழுதத் தெரிஞ்ச உனக்கு, வீட்டுல இருந்த புத்தகத்தைத் திறந்து பாக்கத் தோணலியே. கைமாத்து கொடுத்த சீட்டெல்லாம் அதுக்குள்ளதான் இருக்கும். ஒழுங்காத் திருப்பித் தாரவன் சீட்டு சங்கீதத்துல. இழுத்தடிக்கவன் புலம்பல்ல. இனிமே வராதுன்னு தெரிஞ்சுபோனா வெளிப்படுத்தின விசேஷத்துக்கு மாத்திருவா. என் சீட்டு எங்க இருந்துச்சுன்னு கேட்டு நேரத்தை வீணாக்காத.

இதெல்லாம் சொல்ல நேரமில்லன்னா ஏலத்தையாவது சொல்லு. அறுப்பின் பண்டிகைக்கு அக்கா ஒரு செவலைச் சேவலைக் காணிக்கையாக் கொண்டு போனா. கோயில் முத்தத்துல ஏலம் விடயில சம்பந்தியம்மா, அதான் உங்க அம்மையப் பெத்த ஆச்சி, விலை கேட்டுட்டா. “நான் வளத்த சேவல் அவ சட்டியில வேகவா?”ன்னு இவ ஏத்துனா. அவ ஏத்த, இவ ஏத்த, ஏலம் விட்ட உபதேசியாருக்கே மூச்சு முட்டிப்போச்சு. சந்தை விலைக்கு மூணு மடங்கு கொடுத்து, தான் கொண்டுபோன சேவலைத் தானே கக்கத்துல இடுக்கிட்டு வந்து சேந்தா. கோயிலுக்கு லாபம், சேவலுக்கு ஆயுசு. அடுத்த வருஷமும் அதே சேவலைத்தான் கொண்டுபோனா.

ஐயர் உனக்கு அஞ்சு நிமிசம் கொடுத்தா பெருசு. அதனால சேவலை முதல்ல சொல்லு, கோபுரத்தை நேரம் மிஞ்சுனா சொல்லு. ஒண்ணு மட்டும் கவனம். சம்பந்தியம்மா முன் பெஞ்சுலதான் உக்காந்திருப்பா. காது கேக்காதுன்னு ஊரு சொல்லும், நம்பாத. அவ கடைசியாக் கேட்ட விலையைக் கொறைச்சுச் சொல்லிராத, எந்திரிச்சு நின்னு திருத்துவா.