சனி ஞாயிறு சாஸ்திரம்

ஏலே பேராண்டி, விசா வந்துட்டுதாம்லா? மெல்போர்னு அமெரிக்காவுல எந்தப் பக்கம்னு உங்கம்மா கேக்கா. ஆஸ்திரேலியான்னு நாந்தான் திருத்துனேன். அங்கன கிளேட்டன்ல மவன் வீட்டுல கோடையில போயி இறங்கி, குளிரு எலும்பைத் தொடுற வரைக்கும் கெடந்தவன்லா நான். இப்படி உக்காரு. பொண்டாட்டியையும் கூப்பிடு, அவளும் கேக்கட்டும்.

வேலையைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். திங்கள்லருந்து வெள்ளி வரைக்கும் உன்னையக் கம்பெனிக்காரன் மேய்ச்சுக்கிடுவான். மிச்சம் கெடக்க ரெண்டு நாளுதான் ஆளைக் கவுக்கும். அதுக்கு நம்மாளுங்க அங்கன ஒரு சாஸ்திரம் வச்சிருக்காங்க. பிசகாம நடந்தாத்தான் உன்னைய மனுசன்னு சேத்துக்கிடுவாங்க.

முதல் சாஸ்திரம், ஓய்வைப் பத்தி. மெல்போர்னுக்குள்ள, தொழிலாளிங்க சங்கக் கட்டடத்துப் பக்கத்துல ஒரு தூணு நிக்கு. உச்சியில மூணு எட்டு. 1856-ல அந்த ஊருக் கல்கொத்தனாருங்க சம்மட்டியைக் கீழ போட்டுட்டு ஊர்வலமா கிளம்பிட்டானுவ. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் எங்க இஷ்டம்னு நின்னு, கூலி குறையாம வாங்கியும்புட்டானுவ. என் மவன் அந்தத் தூணு வழியாத்தான் எத்தனையோ தடவை காருல போயிருக்கான். சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்துல லேப்டாப்பைத் திறந்து வச்சு, "ஒரு சின்ன வேலைப்பா"ங்கான். நீயும் அப்படியே செய்யி. கொத்தனாரு வாங்கிக் குடுத்த ஓய்வை ஐடி படிச்சவன் அனுபவிக்கலாமா, கௌரவம் என்னத்துக்காவும்?

அங்க குதிரை ஓடுறதுக்கே லீவு உண்டு, கேட்டியா. நவம்பர் முதல் செவ்வாய்க்கிழமை. அந்தப் பந்தயம் 1861-லருந்து நடந்துக்கிட்டு இருக்கு. நம்ம பொங்கலுக்குத்தான் கெடையாது. அது அவங்களுக்கு உச்சிக் கோடை. காத்தும் அனலுமா இருந்தா வெளிய விறகு நெருப்பே மூட்டக் கூடாதுன்னு அரசாங்கம் தடை போட்டுரும். அதனால பொங்கலு வீட்டுக்குள்ள, குக்கர்ல. உச்சாணியில கெடக்க புகை மணி அலறிரப்படாதுன்னு மருமவ துண்டை வீசிக்கிட்டே நின்னா. குக்கர்ல எங்கன பொங்க? விசிலுதான் அடிச்சுது. அதுக்கும் குலவை போட்டாச்சு.

சரி, சனிக்கிழமை. காலையில துணி துவைக்கணும், வீடு கூட்டணும், அப்புறம் இந்தியச் சாமான் கடை. முருங்கைக்காய் விலையை நம்ம ரூபாய்க்குப் பெருக்கிப் பார்த்து, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, பொறவு வாங்கணும். பெருக்காம வாங்குனா பாவம் சேரும். சாயங்காலம் எவன் வீட்டுலயாவது பொறந்தநாளு. ஒரு வயசுப் புள்ளை, கேக்கு வெட்டுறதுக்கு முந்தியே தூங்கிரும். ஆம்பளைங்க ஒரு மூலையில வீட்டுக்கடன் வட்டியைப் பத்திப் பேசணும், பொம்பளைங்க இன்னொரு மூலையில செலக்டிவ் ஸ்கூல் டியூசனைப் பத்திப் பேசணும். போன சனிக்கிழமை பார்த்த அதே முகங்கதான். புது ஆளு எவனும் வந்துரப்படாது. வந்தா வட்டியை முதல்லருந்து விளக்கணும்லா?

கேரம் டவுன்ஸ்ல கோயில் இருக்கு. சிவனும் பெருமாளும் ஒரே வளாகம், 1994-ல கும்பாபிசேகம். போயிட்டு வா. சாமிக்கு ஒரு சுத்து, கேன்டீனுக்கு ரெண்டு சுத்து, அதுதான் முறை.

ஊரு சுத்துறதுதான் இருக்கதுலயே பெரிய சடங்கு. கிரேட் ஓஷன் ரோடுன்னு கடலை ஒட்டி ஒரு பாதை, 240 கிலோமீட்டருக்கு மேல. காலையில ஆறு மணிக்குக் கிளம்பணும்னு வாட்ஸப் குரூப்புல போட்டிருப்பாங்க. ஆறு மணிக்குத்தான் ஒருத்தி புளியோதரைக்கு நல்லெண்ணெய் காய வைப்பா. ஒன்பதரைக்கு அஞ்சு காரு வரிசையாப் போவும். காருக்குள்ள இளையராஜா, மடியில தயிர்சாதம், கண்ணாடிக்கு வெளிய ஆஸ்திரேலியா.

அந்த ரோட்டை யாரு போட்டதுங்க? முதல் உலகப் போருக்குப் போயி உசிரோட திரும்பி வந்த சிப்பாய்ங்க. 1919-லருந்து 1932 வரைக்கும் கடப்பாரையும் மண்வெட்டியுமா மலையைக் கொத்திப் போட்டிருக்கானுவ, திரும்பி வராத கூட்டாளிங்க நினைவுக்குன்னு. நாம செத்த வீரனுக்கு ஒரு நடுகல்லு நடுவோம். அவன் ரோட்டையே நட்டு வச்சிருக்கான். பாதையில ஒரு மரத் தோரணவாயில் உண்டு, அங்கன இறங்கினோம். பக்கத்துப் பலகையைப் பேத்தி வாசிச்சுச் சொல்லச் சொல்ல எனக்கு என்னமோ பண்ணுச்சு. மத்தவங்க எல்லாம் ஒருத்தன் தோளை ஒருத்தன் பிடிச்சு, "தாத்தா கொஞ்சம் தள்ளுங்க, மறைக்குது"ன்னானுவ. தள்ளிட்டேன்.

கடைசியில கடலுக்குள்ள நிக்க பாறைங்க. பன்னிரண்டு அப்போஸ்தலருன்னு பேரு. எண்ணிப் பார்த்தா அம்புட்டு இல்ல. 2005-ல வேற ஒண்ணு சரிஞ்சு விழுந்துட்டு. பன்னிரண்டு என்னைக்குமே இருந்ததில்லைங்காவ. அதுக்கும் முந்தி அந்த இடத்துக்குத் தாய்ப்பன்னியும் குட்டிகளும்னுதான் பேரு. பன்னிக்குட்டியைப் பார்க்க எவன் அம்புட்டுத் தூரம் பெட்ரோல் போட்டு வருவான்? பேரை மாத்துனாங்க, பஸ்ஸு பஸ்ஸா சனம் வந்து இறங்குது. என் மவனும் வந்தான். பாறைக்கு முதுகைக் காட்டியே நின்னான், போட்டோவுல பாறை விழணும்லா.

ஒரு இடத்துக்கு மட்டும் தப்பித்தவறியும் போயிராத. பிலிப் தீவுன்னு பேரு, ரெண்டு மணி நேர ஓட்டம். பொழுது மசங்குனதும் கடல்லருந்து பெங்குவினுங்க கரையேறும். ஒன்றரைச் சாண் உசரம், எடை சுமாரா ஒரு கிலோ. பகலெல்லாம் கடல்ல இரை தேடிட்டு, ஒண்ணுக்கொண்ணு காத்து நின்னு, கும்பலாச் சேந்து, மணலைத் தாண்டி வளைக்கு ஓடுது. இதுல என்ன கெட்டதுங்கியா? அங்கன போட்டோ பிடிக்கக் கூடாதுடா! செல்போனை எடுத்தா ஆளு வந்து உள்ள வைக்கச் சொல்லுதான். வெளிச்சம் பட்டா அதுங்க மிரண்டுருமாம். என் மவன் கையை எங்கன வைக்கன்னு தெரியாம முழிச்சான். பாக்கெட்டுல விட்டான், கட்டிக்கிட்டான், புள்ளை தலையில வச்சான். பொறவு வேற வழியில்லாம பெங்குவினைப் பார்த்தான். திரும்பி வாரப்ப, காருல பாட்டுகூடப் போடலை. இப்படி ஆளைக் கெடுக்க இடத்துக்கு நீ எதுக்குப் போணும்?

பன்னிங்ஸ்னு ஒரு இரும்புச் சாமான் கடை. சனி ஞாயிறானா வாசல்ல ரொட்டியில சாசேஜை வச்சு விப்பாங்க. விக்கது கடைக்காரன் இல்ல, உள்ளூர் பள்ளிக்கூடத்துக்காரங்க, விளையாட்டுச் சங்கத்துக்காரங்க. வார காசு அவங்களுக்கு. வெங்காயத்தை மேல வச்சா தரையில சிந்தி எவனாவது வழுக்கிருவான், அடியில வைங்கன்னு 2018-ல கடைக்காரன் சொல்லப்போக, தேசமே அதைப் பத்தி வாதாடியிருக்கு. அம்புட்டு நிம்மதியான தேசம். நான் அந்தச் சாசேஜு மாடா பன்னியான்னு தெரியாம, ரொட்டியும் வெங்காயமும் மட்டும் குடுன்னு சைகை காட்டுனேன். பின்னால ஒரு கிழவன் சிரிச்சான். பார்த்தா நம்ம பக்கத்து வீட்டுக்காரன்.

கிரேக்க தேசத்துக்காரன், சின்ன வயசுல கப்பலேறி வந்தவன். கொல்லையில திராட்சைக் கொடி, தக்காளி, ஒரு எலுமிச்சை மரம். அன்னையிலருந்து தெனம் அவன் கார் ஷெட்டுல ரெண்டு நாற்காலி கெடக்கும். அவனுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவன் பாஷை தெரியாது. அவன் முழங்காலைக் காட்டுவான், நான் இடுப்பைக் காட்டுவேன். போற நேரம் தெரியாது. எலுமிச்சம்பழம் பை நிறையக் குடுத்து விடுவான். "சூப்பர் மார்க்கெட்ல நல்லாப் பார்த்து வாங்கியிருக்கீங்க மாமா"ன்னு மருமவ ஊறுகாய் போட்டா. நானும் ஆமான்னுட்டேன்.

சரி, எந்திரிக்கதுக்கு முந்தி ஒரு காரியம். உங்கம்மா கட்டித் தார வடகம், பொடி, ஊறுகாய் எல்லாத்தையும் அந்தூரு ஏர்போர்ட்டுல குடுக்க அட்டையில ஒண்ணு விடாம எழுதிரு. எழுதுனா பார்த்துட்டு விட்டாலும் விடுவான், மறைச்சாத்தான் அபராதம் தீட்டுவான். அதோட இந்தா, இந்தப் பொட்டலத்தையும் வச்சுக்க. நாலு முழ வேட்டி. அந்தக் கிழவன் என் வேட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான், அவனுக்குத்தான். வேட்டிக்குத் தடை ஒண்ணும் இல்ல, விசாரிச்சுட்டேன். என் மவன் கையில குடுத்துராத, போய்ச் சேராது. வாசல்ல எலுமிச்சங்கொப்பு எட்டிப் பார்க்க வீடு. நீயே போய்க் கதவைத் தட்டு. சனிக்கிழமையா பார்த்துப் போ, ரெண்டாவது நாற்காலி கெடக்கும்.